ஆண் கருத்தடை: வீட்டில் பேச்சை எடுப்பதில் இருந்து மூன்றாம் மாதப் பரிசோதனை வரை

தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கத்து ஊர்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் "இவளுக்குக் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு அறுவை) பண்ணிடுங்க சிஸ்டர்" என்று பெரும்பாலும் மாமியார்தான் சொல்வார். அந்தப் பெண் படுக்கையில் இருந்து எழுந்துகூட இருக்க மாட்டாள். கணவர் செய்துகொள்ளலாமே என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வராது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் திருமணமான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டவர்கள் 0.1 சதவீதம்தான். இந்த இடைவெளிக்கு உடல் காரணம் இல்லை. வீட்டுப் பழக்கமே காரணம்.

அதனால் முதல் வேலை பேசுவது. எப்போது பேசுகிறீர்கள் என்பது முக்கியம். பிரசவ வார்டில் வேண்டாம். அங்கே வலியும் அவசரமும் சேர்ந்து பெண்ணின் கையெழுத்தில்தான் முடியும். வளைகாப்பு முடிந்தால் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள், கணவர் பெங்களூரில் கட்டிட வேலையில் இருப்பார். அதற்கு முன்னாலேயே, ஆடிப்பெருக்குக்கோ பொங்கலுக்கோ அவர் ஊருக்கு வந்திருக்கும்போது, இருவரும் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். "நீங்க பண்ணிக்கங்க" என்று தொடங்காதீர்கள். "இந்தப் பிள்ளையோட போதும்னா, நம்ம ரெண்டு பேர்ல யாருக்குச் சுலபம்னு கேட்டுட்டு வரலாமா?" என்று கேளுங்கள். இருவரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து கேட்டால் பாதி பயம் அங்கேயே தீரும்.

மாமியாரிடம் மகன் பேசட்டும். மருமகள் சொன்னால் அது சண்டையாகும். "அம்மா, நான்தான் கேட்டேன்" என்று அவர் சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

பயத்தைக் கேலி செய்யாதீர்கள். அதற்கு வரலாறு இருக்கிறது. 1950களிலேயே ஆண் கருத்தடைக்கு ஊக்கத்தொகை கொடுத்தது அன்றைய சென்னை மாநிலம். பிறகு நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க சுமார் 62 லட்சம் ஆண்களுக்கு அறுவை நடந்தது, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அந்தக் கோபத்துக்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் திரும்பவே தயங்கின. முழுச் சுமையும் பெண்கள் மேல் விழுந்தது. ஆகவே யாரையும் வற்புறுத்தக் கூடாது, கணவரையும்தான்.

"ஆண்மை போயிடுமா?" என்று கேட்பார்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். விந்தணு வரும் குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். விரையில் சுரக்கும் ஹார்மோன் ரத்தத்தில் கலப்பதால் அதில் மாற்றம் இல்லை. ஆசை, விறைப்பு, விந்து வெளியாவது எல்லாம் முன்பு போலவே இருக்கும். "பாரம் தூக்குறவன், பலம் போயிடும்" என்பதும் உண்மை இல்லை. பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்துதான் செய்ய வேண்டும். நம் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அந்த உடம்போடு களை எடுக்கவும் தண்ணீர்க் குடம் தூக்கவும் அவள் போகிறாள். ஓய்வு எடு என்று நாங்கள் எழுதிக் கொடுத்தாலும் அவளுக்கு யார் ஓய்வு தருகிறார்கள்? பாரம் தூக்குவது அவர் மட்டுமல்ல.

சரி, எப்போது செய்யலாம்? ஒரு குழந்தையாவது ஒரு வயது தாண்டியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கணவரின் வயது 22க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும். அதுவரை ஆணுறை போதும். மனைவி காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைத்துக்கொள்ளலாம், அவளிடம் கேட்டு, அவள் சரி என்றால் மட்டும். இன்னொரு பிள்ளை வேண்டுமோ என்று சிறு சந்தேகம் இருந்தாலும் அறுவையைத் தள்ளிப் போடுங்கள். அடைத்த குழாயைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நம்பிச் செய்யக் கூடாது.

நவம்பர் கடைசியில் இருந்து டிசம்பர் தொடக்கம் வரை ஆண்டுதோறும் ஆண் கருத்தடை இருவாரம் நடக்கும். மற்ற நாட்களில் எங்கே, என்றைக்குச் செய்கிறார்கள் என்று உங்கள் ஊர் செவிலியரைக் கேளுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், இறுக்கமான உள்ளாடை எடுத்துப் போங்கள். ரத்தமும் சிறுநீரும் பார்ப்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு துளை வழியாக அரை மணிக்குள் முடித்துவிடுவார்கள். தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். மனைவியின் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை; பெண்ணுக்குச் செய்யும்போது கணவர் கையெழுத்தும் அப்படித்தான். கேட்டால் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் சைக்கிளும் மூட்டை தூக்குவதும் வேண்டாம். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வீக்கம், சீழ் என்றால் உடனே மருத்துவமனை.

இதற்கு அப்புறம் வருவதை இருவரும் சேர்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை முடிந்த அன்றே பலன் வந்துவிடாது; குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணு வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை கட்டாயம். இதைச் சொல்லாமல் விட்டால், இடையில் மனைவி கருவுற்றதும் ஊர் அவளைத்தான் சந்தேகப்படும். ஒரு குடும்பமே உடைந்துபோகும். அதனால் மாமியார், நாத்தனார் காதிலும் இதை முன்கூட்டியே போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை. விந்தணு இல்லை என்று வந்த பிறகுதான் சான்றிதழ் தருவார்கள். இன்னும் இருக்கிறது என்று வந்தால் ஆணுறையை நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் தேதியில் மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். பெங்களூர் வேலைக்குத் திரும்புகிறவர் அந்தத் தேதியைக் கைபேசியில் குறித்துக்கொண்டு கிளம்பட்டும்.