டியூட்டி பட்டியலில் வைட்னர்: மருத்துவமனை நிர்வாகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் டாக்டராக வேலை பார்த்தபோது, பொங்கல் வாரத்து டியூட்டி பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கியது. காணும் பொங்கல் இரவுக்கு நேரே வைட்னர் தடவி, அதன்மேல் என் பெயர். தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தால் பழைய பெயர் தெரிந்தது. நிர்வாகத்துக்கு வேண்டியவர். அன்றிரவு வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தேன். ஆனால் அதன்பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை.

டாக்டர்கள் சம்பளத்துக்காகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கோரிமேட்டிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் வரை மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. பிடிக்காதவர் வேறிடம் போய்விடுவார். போகாமல் இருப்பவரிடம்தான் நஷ்டம் அதிகம். புறநோயாளிகளைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், கிளம்பிவிடுவார். மருந்து மாறிப்போனதைக் கண்ணால் கண்டாலும் எழுதிக் கொடுக்க மாட்டார். எழுதினால் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்தது, முடிவெடுத்த பிறகு கருத்துக் கேட்பது. மானிட்டர் வாங்கி, ஐ.சி.யு.வில் மாட்டியும் முடித்துவிட்டு, "எப்படி இருக்கிறது டாக்டர்?" என்பார்கள். என்ன சொல்வது? முடிவு எப்போது நியாயமாகத் தோன்றும் என்பதற்கு லெவெந்தால் என்ற உளவியலாளர் 1980-இல் ஆறு விதிகள் சொன்னார். எல்லோருக்கும் ஒரே அளவுகோல், பாதிக்கப்படுவோர் பேச இடம், தவறினால் திருத்த வழி ஆகியவை அவற்றில் உண்டு. வைட்னர் பாட்டில் இந்த மூன்றையும் ஒரே தடவலில் அழித்துவிடும்.

துறைத் தலைவரை அலட்சியமாக நியமிப்பதை நான் பெரிய தவறாகவே சொல்வேன். சேர்மன் மாடியில் இருக்கிறார். டாக்டர் தினமும் பார்ப்பது துறைத் தலைவர் முகத்தை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 2,800-க்கும் மேற்பட்ட டாக்டர்களிடம் அவர்களது நேரடி மேலாளரைப் பற்றிக் கேட்டார்கள். கருத்துக் கேட்கிறாரா, நல்ல வேலையைப் பாராட்டுகிறாரா, மாற்றங்களைத் தெரிவிக்கிறாரா என்பன போன்ற கேள்விகளுக்கு மொத்தம் 60 மதிப்பெண். 2015-இல் வெளியான முடிவின்படி, மேலாளரின் மதிப்பெண் ஒன்று கூடினால், அவருக்குக் கீழே இருப்பவர் பணிச்சோர்வில் சிக்கியிருக்கும் வாய்ப்பு 3.3 சதவீதம் குறைவாக இருந்தது. நம் ஊரிலோ, அதிக நோயாளிகளைக் கொண்டுவருகிறவர்தான் தலைவர்.

டாக்டரையே நிர்வாகியாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் நப்பாசை. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த மறுவாரமே இரவு டியூட்டியை மறந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு.

பிறகு வந்த மருத்துவக் கண்காணிப்பாளர், மூன்று வருடப் பண்டிகை டியூட்டிகளை ஆள்வாரியாக எழுதிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். அந்த வருடமும் காணும் பொங்கல் இரவு எனக்கே வந்தது. மாற்றிக் கேட்டு நான் போய் நிற்கவில்லை.