சூரைக்குப் போலி இரை: நீளம் முதலில், நிறம் அப்புறம்

சூரை அந்நேரம் எதைத் தின்கிறதோ, அதன் நீளத்துக்குப் போலி இரையை எடுங்கள். நெத்திலியை விரட்டும்போது 15 செ.மீ. போலி மீனைப் பெரும்பாலும் சீண்டாது. 30–40 கிராம் உலோக ஜிக் (மீன் வடிவக் கனமான போலி இரை) போதும். கூட்டத்தின் நடுவில் எறிந்தால் கலைந்துவிடும். அது போகும் திசைக்கு முன்னால் விழவிட்டு வேகமாகச் சுற்றுங்கள்.

10 கிலோவுக்கு மேற்பட்ட மஞ்சள் துடுப்புச் சூரைக்கு 50 பவுண்டு இழுப்பு தாங்கும் பின்னல் நரம்பு, முனையில் 2 மீட்டர் 80 பவுண்டு புளோரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத நரம்பு). டிராக்கை (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) தொங்குதராசு மாட்டி இழுத்துப் பார்த்தே வையுங்கள்: நரம்பின் பலத்தில் கால் பங்கு, அதாவது ஐந்தரை கிலோ போல. கைக்கணக்கில் இறுக்கினால் முதல் ஓட்டத்திலேயே அறுந்துவிடும்.

போலி மீனோடு வரும் மெல்லிய மும்முனைத் தூண்டில் அந்த இழுப்பில் விரியும். கனத்த ஒற்றை முள் போடுங்கள். தூண்டிலைப் போலி மீனோடு இணைக்கும் பழைய வளையத்தை விட்டுவைத்தால் அடுத்து விரிவது அதுதான்.