பள்ளி முடிந்ததும் என்ன? பிள்ளையோடு உட்கார்ந்து திட்டம் போடுவது எப்படி

வீட்டில் ஒரு பிள்ளை பள்ளியின் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டால் போதும், வருகிறவர் போகிறவர் எல்லாம் "அடுத்து என்ன?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள், கூட உட்கார்ந்து யோசிக்க மட்டும் ஆள் கிடைக்காது. உட்கார நினைக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பெற்றோரோ, அக்காவோ, அண்ணனோ, வகுப்பாசிரியரோ, யாராக இருந்தாலும் சரி, இந்த வேலையை இதற்கு முன் செய்ததே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை ஒரு நோட்டு, ஒரு காலண்டர், வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று இரண்டு மாதம். அப்புறம் ஒரு நிபந்தனை: பேனா பிள்ளையின் கையில்தான் இருக்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் அக்கா மகனுக்காக இரண்டு இரவு முழித்து எக்செல்லில் கலர் கலராக ஒரு அட்டவணை போட்டு அனுப்பினேன், பத்து நாள் கழித்துக் கேட்டால் ஃபைலைத் திறக்கவே இல்லை. கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் அவன் எழுதியது ஒரு வரிகூட இல்லை.

படி 1: போன மாதத்தைப் பற்றிக் கேளுங்கள்

"என்ன ஆகப்போகிறாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். பதினேழு வயதில் நேரில் பார்த்துத் தெரிந்த வேலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதற்குள்ளிருந்து ஒன்றைப் பிடித்து வாழ்நாள் முழுக்க இதுதான் என்று சொல்லச் சொன்னால் பிள்ளை வாய்க்கு வந்த பெயரைச் சொல்லித் தப்பிக்கும். போன மாதம் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை? யாரும் சொல்லாமல் எதைச் செய்தாய்? எந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்தும் அலுப்பாக இருந்தது? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், மதிப்பெண் வருகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிக்காத துறைக்குள் போய் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

பேச்சு நகரவில்லை என்றால் ஒரு கருவி இருக்கிறது. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959ல் வேலை விருப்பங்களை ஆறு வகையாகப் பிரித்தார்: கருவியும் கைவேலையும், ஆராய்ந்து பார்ப்பது, கலை, மனிதர்களுக்கு உதவுவது, பேசி ஆட்களைத் திரட்டி நடத்துவது, கணக்கையும் பதிவுகளையும் ஒழுங்காக வைப்பது. இதை வைத்து உருவாக்கிய இலவசக் கேள்வித்தாள்கள் 'ரியாசெக்' (RIASEC, அந்த ஆறு வகைகளின் ஆங்கில முதலெழுத்துகள்) என்று தேடினால் இணையத்தில் கிடைக்கும். முடிவை ஜாதகம் மாதிரி நம்ப வேண்டாம், "இது சரியா, உனக்குப் பொருந்துகிறதா?" என்று பேச்சைத் தொடங்க உதவினால் போதும்.

படி 2: மூன்று வழிகள், மூன்று பக்கங்கள்

ஒரே ஒரு வழியை மட்டும் எழுதினால் அது திட்டம் இல்லை, பந்தயம். பட்டப்படிப்பு, டிப்ளமோ, தொழிற்பயிற்சி, அப்ரண்டிஸ், நேராக வேலை, ஒரு வருட இடைவெளி என்று எல்லாவற்றையும் முதலில் கொட்டுங்கள், பிறகு பிள்ளையே மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். குறைந்தது ஒன்றாவது மற்ற இரண்டிலிருந்து நிஜமாகவே வேறாக இருக்க வேண்டும். ஒரே படிப்பை மூன்று கல்லூரிகளில் எழுதிவிட்டு மூன்று வழி என்று சொல்வது ஏமாற்று.

அப்ரண்டிஸ் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் 300க்கும் மேற்பட்ட தொழில்களை இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். வாரத்தில் சில நாள் நிறுவனத்தில் வேலை, சில நாள் தொழிற்பள்ளியில் பாடம், தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை வருடம், அதுவும் உதவித்தொகையோடு. படிப்பு வராதவர்களை ஒதுக்கிவைக்கும் மூலையாக அங்கே அதை யாரும் பார்ப்பதில்லை.

இடைவெளி எடுக்கிற யோசனை இருந்தால், இடம் கிடைத்த கல்லூரி அதை ஒரு வருடம் வைத்திருக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். போனில் யாரோ "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று சொன்னது கணக்கில் வராது.

படி 3: அந்த வேலையில் இருப்பவரிடம் பேசுங்கள்

ஒவ்வொரு வழிக்கும் ஒருவர் போதும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று தேடினால் கிடைப்பார், இருபது நிமிடம்தான் கேட்கிறோம் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். ஆனால் "இந்தத் துறை எப்படி?" என்று கேட்டால் "நல்ல துறைதான் தம்பி, உழைச்சா மேலே வரலாம்" என்பார், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. நேற்று காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொரு மணி நேரமாகக் கேட்கச் சொல்லுங்கள். இந்த வேலையை விட்டுப் போனவர்கள் எதனால் போனார்கள், சேர்ந்த முதல் வருடத்தில் எது தெரியாமல் திணறினீர்கள், இன்று தொடங்கினால் எந்தப் படிப்பை எடுப்பீர்கள் என்றும் கேட்கலாம்.

1908ல் பாஸ்டன் நகரில், இளைஞர்கள் வேலையைத் தேர்ந்தெடுக்க உதவுவதற்கென்றே ஒரு அலுவலகம் தொடங்கிய ஃப்ராங்க் பார்சன்ஸ் சொன்ன வரிசையும் இதுதான்: முதலில் தன்னைத் தெரிந்துகொள்வது, அடுத்து வேலையைத் தெரிந்துகொள்வது, அதற்குப் பிறகே பொருத்திப் பார்ப்பது. நாம்தான் இந்த நடுப்படியைத் தாவிவிடுகிறோம்.

படி 4: பணத்தை மறைக்காமல் பேசுங்கள்

இதுதான் தர்மசங்கடமான மணி நேரம், இதைத் தள்ளிப்போட்ட வீடுகளில்தான் பிறகு அழுகை. குடும்பம் எவ்வளவு தர முடியும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். பதினேழு வயதில் அது புரியும், புரியாதது மௌனம்தான். பிறகு மூன்று பக்கங்களிலும் முதல் வருடச் செலவை எழுதச் சொல்லுங்கள்: கட்டணம் மட்டும் இல்லை, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து, லேப்டாப், விண்ணப்பக் கட்டணம், முன்பணம் எல்லாம்.

கடன் என்றால் இந்தக் கணக்கைப் பிள்ளையே போடட்டும். முதல் நாளே 100 வாங்கி, வருடத்துக்கு 10 சதவீதம் கூட்டு வட்டி, படிக்கும் நான்கு வருடமும் எதுவும் கட்டவில்லை என்றால் படிப்பு முடியும்போது கடன் 146ஐத் தாண்டியிருக்கும். வட்டியை மட்டும் வருடா வருடம் கட்டினால் 100லேயே நிற்கும். எந்தக் கடனாக இருந்தாலும் வட்டி எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, அது அசலோடு எப்போது சேர்கிறது என்ற இரண்டையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு பொறி, "சராசரிச் சம்பளம்". பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3, ஒருவருக்கு 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 6 வரும், விளம்பரத்திலும் 6 என்றே போடுவார்கள். ஆனால் வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்குவது 3. அதனால் நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை பேர் படித்து அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேளுங்கள். அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா என்பதைக் கல்லூரியின் தளத்தில் பார்க்காதீர்கள், அங்கீகாரம் தருகிற அமைப்பின் தளத்தில் பாருங்கள். மருத்துவம், செவிலியர், சட்டம் மாதிரி உரிமம் வாங்க வேண்டிய தொழில்களுக்கு இது உயிர்நாடி.

படி 5: காலண்டரைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

கடைசித் தேதியைச் சிவப்பில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் ஆசிரியரிடம் ஒரு மாதத்துக்கு முன்பே கேட்க வேண்டும், மதிப்பெண் சான்றிதழுக்குச் சில வாரம், கட்டுரை எழுதி ஒருவரிடம் காட்டித் திருத்த இன்னும் சில வாரம். பிள்ளை சொல்கிற நாள் கணக்கை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. 1994ல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்க சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்ன மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது.

வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் நேரத்தையும் பாருங்கள். "இரவு 11:59 வரை" என்பது யாருடைய இரவு? அக்கா மகனின் ஒரு விண்ணப்பம் இதில்தான் போனது. இன்னும் ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்று நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம், திரும்பி வந்து பார்த்தால் தளம் மூடியிருந்தது. அதனால் எங்கள் காலண்டரில் இப்போது உண்மையான கடைசித் தேதியே இருக்காது, மூன்று நாள் முந்தைய தேதிதான் இருக்கும்.

படி 6: காகித வேலை

சீக்கிரம் முடிந்துவிடும். எல்லாச் சான்றிதழிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்த மனு கொடுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். பள்ளி கொடுத்த ஈமெயிலில் விண்ணப்பிக்காதீர்கள், பள்ளி முடிந்ததும் அந்தக் கணக்கு மூடப்படலாம், அனுமதிக் கடிதமும் அதோடு போகும்.

படி 7: "இல்லை" என்று வந்தால்

இதை முடிவுகள் வருவதற்கு முன்பே எழுத வேண்டும், வந்த பிறகு யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. "முதல் வழி கிடைக்கவில்லை என்றால், இந்தத் தேதிக்குள் இரண்டாவதற்கு முன்பணம் கட்டுவேன்" என்று வாக்கியமாக எழுதட்டும். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று எழுதிவைப்பது வெறும் ஆசையைவிட அதிகம் செயலுக்கு வருகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்தே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

இடம் கிடைத்த பிறகும் சேரும் நாள் வரை காலண்டரைக் கழற்றாதீர்கள். முன்பணம், மருத்துவச் சான்று, ஹாஸ்டல் படிவம் என்று சின்னச் சின்னத் தேதிகள் வரிசையாக வரும், பள்ளி மூடியிருப்பதால் நினைவூட்ட யாரும் இருக்க மாட்டார்கள்.

என் எக்செல் என்ன ஆனது என்று கேட்டால், அது இன்னும் மெயிலிலேயே கிடக்கிறது. இரண்டாம் முறை அவனே ஒரு தாளில் கோணல்மாணலாக எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டான். பன்னிரண்டு வேலைகள் இருந்தன, என் பெயர் ஒரே ஒரு வரியில்: "சித்தி – பிரிண்டர்".