‘தொழில்: கூலி’ – சிலிக்கோசிஸ் இழப்பீட்டு மனுவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி போன வாரம் ஒரு சிலிக்கோசிஸ் (கல் தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய்) கோப்பைக் கொண்டுவந்தார். கல் குவாரியில் 11 வருடம் துளை போட்டவருடையது. இப்போது அவருக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. மேலே இருந்த ஓபி சீட்டைப் பார்த்ததும் என் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. முகவரிப் பிழை, தேதிப் பிழையெல்லாம் எழுத்தரே திருத்திவிடுவார். திருத்த முடியாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

‘கூலி’ என்று எழுத விடுவது

சீட்டில் ‘இருமல், 3 மாதம். தொழில்: கூலி’ என்று இருந்தது. நாற்று நடுபவரும் கூலி, மூட்டை தூக்குபவரும் கூலி, ஜாக்ஹாமர் பிடித்து நாள் முழுக்கக் கல் தூசியை இழுத்தவரும் கூலியா? நோய்க்கும் குவாரிக்கும் உள்ள தொடர்பை அந்த ஒரு சொல் அறுத்துவிடுகிறது. மருத்துவர் இருமலையும் மெலிவையும் பார்க்கிறார், எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளிகளைப் பார்க்கிறார், டிபி மாத்திரை எழுதுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் யாரும் குவாரி என்று சொல்லவில்லை.

என் முதல் மனுவில் நானும் இதைத்தான் செய்தேன். கோப்பு கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்து, டிபி அட்டையை மேலேயே வைத்துத் தைத்திருந்தேன். சளியில் ஒருமுறைகூடக் கிருமி தென்படவில்லை; ஆனாலும் ஆறு மாத மாத்திரையை இரண்டு தடவை கொடுத்திருந்தார்கள். நோய் டிபி அல்ல என்று வாதாட அதுவே நமக்குச் சாதகம் என்பது எனக்கு உறைக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மற்றப் பக்கங்களைப் புரட்டவே இல்லை. “டிபி யாருக்கும் வரும். இவர் கூலி வேலை பார்த்தவர் என்று இவர்கள் கொடுத்த சீட்டே சொல்கிறது” என்றார், உட்கார்ந்துவிட்டார். மனு தள்ளுபடி.

சிலிக்கா தூசி படிந்த நுரையீரலை டிபி எளிதில் பிடிக்கும். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இதை அன்றைக்கு எழுந்து சொல்ல எனக்குத் தெரியவில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸ் இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில், வேலையால் வரும் நோய்களின் பட்டியலிலும் உண்டு. குறித்த காலம் அந்த வேலையில் இருந்ததைக் காட்டிவிட்டால், நோய் வேலையால் வரவில்லை என்று நிரூபிப்பது முதலாளியின் பாடு.

அதனால் மருத்துவரிடம் கூடவே போங்கள். எத்தனை வருடம், என்ன கருவி, தண்ணீர் விட்டுத் துளைத்தாரா, விடாமலா (விடாவிட்டால் தூசி அதிகம்) என்பதைச் சொல்லி எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரேயை ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) முறைப்படி படிக்கத் தெரிந்தவர் பார்க்கட்டும். பழைய ஃபிலிமையும் தேடுங்கள். ஒரு வீட்டில் அது ஓட்டுக்கூரைச் சந்தில், அடுப்புப் புகையேறிப் பழுத்துக் கிடந்தது. அந்த வழக்கு நிலைத்து நின்றதே அதனால்தான்.

பதிவேடு இல்லை என்று திரும்புவது

குவாரியில் மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பெயர் இருந்தால்தான் ஆச்சரியம். மேஸ்திரியின் முன்பண நோட்டு, கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியம் எல்லாம் உதவும். நாலு குவாரி மாறியவர் என்றால் நாலு முதலாளிகளையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். பங்கு பிரிப்பது மனுவை விசாரிக்கும் அதிகாரியின் வேலை.

குஜராத்தின் கோத்ராவில் குவார்ட்ஸ் அரைத்து இறந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் கொடுக்கும்படி 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பொதுநல வழக்கு, பாதை வேறு. இருந்தாலும் சோர்ந்துபோய் வருபவர்களிடம் அதைச் சொல்வேன்.

முத்திரைத்தாளைக் கிழிப்பது

‘இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று முதலாளி முத்திரைத்தாளில் எழுதி வாங்கியிருந்தால் அது செல்லாது. ஆனால் கிழிக்காதீர்கள். அங்கே வேலை பார்த்ததற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது!

ஈ.எஸ்.ஐ.

அட்டை உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். அங்கே உரிமை உள்ளவருக்கு இங்கே மனு நிற்காது.

கெடு

இரண்டு வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதிகாரி ஏற்கலாம். அதை நம்பி உட்காராதீர்கள்.

தம்பி நேற்று அவரைத் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். புதுச் சீட்டில் ‘கல் குவாரி, ஜாக்ஹாமர், 11 வருடம்’ என்று இருக்கிறது. தண்ணீர் விடாமல் துளைத்ததை மட்டும் எழுதி வாங்க மறந்துவிட்டார். திங்கட்கிழமை மறுபடியும் போகிறார்கள்.