தெர்மாமீட்டருக்குப் பயந்து மீன் குழம்பில் கோட்டை விடுகிறோம்

பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் வீட்டில் ஒரே கலவரம். "பிள்ளை விழுங்கிவிட்டதா?" என்பதுதான் முதல் கேள்வி. விழுங்கிய பாதரச உருண்டை குடலில் அதிகம் சேராது, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத ஆவியில்தான். அதனால் வேக்குவம் கிளீனரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆவியை வீடெங்கும் பரப்பிவிடும். துடைப்பமும் வேண்டாம். பிள்ளைகளை வெளியே அனுப்பி, சன்னலைத் திறந்து, அட்டையால் ஒதுக்கி, மூடி போட்ட பாட்டிலில் எடுங்கள். அதற்கு முன் தாலி, மோதிரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துவிடும். வெளுத்த மோதிரத்தை அடுப்பில் காட்டுவது அதைவிட முட்டாள்தனம். ஆவி நேரே நுரையீரலுக்குப் போகும்.

சரி, இது என்றோ ஒருநாள் நடப்பது. மீன் குழம்பு அப்படியா? நீருக்கடியில் சேற்றிலுள்ள பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில்மெர்க்குரி என்ற விஷமாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அது கூடிக்கொண்டே போகும். தோலை உரித்து, புளி ஊற்றிக் கொதிக்கவிட்டால் போய்விடும் என்று சில பாட்டிகள் சொல்வார்கள். போகாது, அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கருவிலுள்ள பிள்ளையின் மூளைக்குத்தான் அது பெரிய எதிரி. ஆகவே கர்ப்பிணிகளுக்குச் சுறாவும் வாள்மீனும் வேண்டாம். அதற்காகப் பயந்து மீனையே நிறுத்துவதும் தவறுதான். ஜூன், ஜூலையில் நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் கரைக்கு வரும் சார்டீன் சின்ன மீன், தாராளமாகச் சாப்பிடலாம்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்பி ஆற்று மீன் பிடிப்பவர்களுக்கு ஒன்று. டர்பன் பக்கத்துக் கேட்டோ ரிட்ஜில் தோர் கெமிக்கல்ஸ் என்ற கம்பெனி வெளிநாட்டுப் பாதரசக் கழிவை வாங்கிக் குவித்தது. தொழிலாளர்கள் விஷமேறி இறந்தார்கள். அங்கிருந்து பாதரசம் ம்ங்கெவேனி ஓடையில் கலந்தது. அந்த ஓடை, இனாண்டா அணைக்கு மேலே, உம்கேனி ஆற்றில் சேர்கிறது. நம் டர்பன் உம்கேனி ரோட்டுக்குப் பெயர் கொடுத்த அதே ஆறு. மெத்தில்மெர்க்குரிக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அப்புறம், கல்யாணப் பெண்ணுக்கு வாங்கும் தோல் வெளுக்கும் கிரீம். அதிலும் பாதரசம் இருக்கலாம். தென்னாப்பிரிக்கா அழகுசாதனங்களில் பாதரசத்தை 1975-லேயே தடைசெய்தது. 1990-ல் தோல் வெளுக்கும் கிரீம்களையே தடைசெய்தது. இன்றும் விற்கிறார்கள். சிறுநீரகம் கெடும், பூசியவர் கன்னத்தில் முகம் வைக்கும் குழந்தைக்கும் ஒட்டும். டப்பாவில் "கலோமல்" (அதுவும் ஒரு பாதரச உப்புதான்) என்றிருக்கிறதா, அல்லது "நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஏன் நகை? அந்த மோதிரக் கதைதான். இருந்தால் பூசுவதை நிறுத்தி, டப்பாவோடு டாக்டரிடம் போய்ச் சிறுநீர்ச் சோதனை கேளுங்கள்.