சோலார் அடுப்பில் சோறு வேகவில்லையா? வெயிலைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

அட்டைப்பெட்டி, அலுமினியத் தாள், ஒரு துண்டுக் கண்ணாடி, அவ்வளவுதான் செலவு என்று வீடியோவில் சொல்வதைக் கேட்டு சோலார் அடுப்பு செய்துவிட்டு, இரண்டாம் வாரமே அதைக் கோழிக்கு விட்டுக்கொடுத்தவர்கள் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கொஞ்சம் பேர் உண்டு. "நம்ம ஊரு வெயிலுக்கே வேகலன்னா வேற எங்க வேகும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ அடிக்கும் வெயிலுக்காக எடுத்தவை. அதை அப்படியே இங்கே செய்தால் சொதப்பத்தான் செய்யும்.

முதல் தவறு, புழுக்கத்தை வெயில் என்று நினைப்பது. சட்டை முதுகில் ஒட்டுகிறது, விசிறி சுற்றியும் வேர்க்கிறது, வானமோ வெள்ளைத் துணி போட்டு மூடியது மாதிரி இருக்கிறது. அன்றைக்குப் பெட்டியை வெளியே வைத்து ஒரு பயனும் இல்லை. அடுப்புக்கு வேண்டியது சூடான காற்று இல்லை, நேராக விழும் ஒளி. 1767இல் கண்ணாடி மூடிய பெட்டியை வைத்து இதை முதலில் ஆராய்ந்த சுவிஸ் நாட்டு விஞ்ஞானி சோசூர், பிறகு அதைக் குளிரான மலை மேல் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார். வெளியே குளிர்ந்தாலும் பெட்டிக்குள் சூடு கீழே இருந்த அளவுக்கே ஏறியது. அதனால் காலையில் தெர்மாமீட்டரைப் பார்க்காதீர்கள், தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். விளிம்பு கத்தி மாதிரி தெளிவாக இருந்து, நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகவும் இருந்தால் வைக்கலாம். புகைமூட்டக் காலத்தில் சூரியன் சிவப்பு வட்டமாகத் தெரியும்போது முயற்சியே வேண்டாம்.

அடுத்தது கடிகாரம். உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கியதில் இருந்து, இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. அப்படியானால் ஒன்றரைக்கு வைத்தால் போதுமே என்று தோன்றும், ஆனால் மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கெல்லாம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும் ஊர் இது. பத்தே முக்கால், பதினொன்றுக்குள் பானை உள்ளே போய்விட வேண்டும். அரை மணி முன்னால் வெறும் பெட்டியை வெயிலில் சூடாக்கி வைத்தால் இன்னும் நல்லது.

பெட்டியைச் சாய்த்து வைப்பதும் இங்கே பொருந்தாத பழக்கம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்தே போகும், அதனால் கண்ணாடியைச் சரிவாக வைப்பார்கள். நமக்கு ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் 10 வாக்கிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். ஜூனில் வடக்கே 18, 19 பாகை விலகும், டிசம்பரில் தெற்கே 28 பாகை. ஆகவே மேல் கண்ணாடி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கட்டும். ஒளியைப் பெட்டிக்குள் திருப்பும், அலுமினியத் தாள் ஒட்டிய பலகையின் சாய்வை மட்டும் மாதத்துக்கு ஏற்ப மாற்றுங்கள், பெட்டியையும் ஜூனில் ஒரு திசை, டிசம்பரில் எதிர்த்திசை என்று திருப்பி வையுங்கள்.

பாத்திர விஷயம் சின்னது, ஆனால் எல்லோரும் இதில்தான் மாட்டுகிறார்கள். பளபளக்கும் சில்வர் சட்டி ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். மண்சட்டி கனம், சூடேறவே பாதி நாள் ஆகும். மெல்லிய, வெளியே கறுப்பான, மூடி சரியாக உட்காரும் பானைதான் வேண்டும். பெரிய பானை ஒன்றைவிடச் சிறிய பானை இரண்டு சீக்கிரம் வேகும்.

பெட்டிக்குச் சந்தையில் கிடைக்கும் வெள்ளை மீன்பெட்டியை எடுப்பவர்களும் உண்டு. வேண்டாம். பெட்டிக்குள் சூடு 120 பாகை செல்சியஸுக்கு மேலும் போகும், அந்த நுரைப் பிளாஸ்டிக்கோ 100 பாகையை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். இரண்டு அட்டைப்பெட்டிகளை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடையில் கசக்கிய பழைய பேப்பரோ காய்ந்த தேங்காய் நாரோ திணித்தால் போதும். கறுப்புச் சாயம் அடித்திருந்தால், ஒரு முழு நாள் வெறுமனே வெயிலில் காயவிட்டு வாடை போன பிறகே சமையல்.

பிறகு அந்தத் திறந்து பார்க்கும் ஆசை! ஒருமுறை மூடியைத் தூக்கினால் பத்துப் பதினைந்து நிமிடச் சூடு போய்விடும். கண்ணாடியின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகப் பிடித்திருந்தால், பானை மூடி சரியாக மூடவில்லை அல்லது தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். காய்கறிக்குத் தண்ணீரே ஊற்ற வேண்டாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு, காலை ஏழு மணிக்கே பச்சைக் கோழியை உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போவது. வெயில் ஏறும்வரை இறைச்சி வெதுவெதுப்பில் கிடக்கும். உணவில் கிருமி பெருகுவது ஏறக்குறைய 5 முதல் 60 பாகை வரை. பாதி வெந்திருக்கும்போது மேகம் கவிந்து சூடு இறங்கினால், யோசிக்காமல் எடுத்து கேஸ் அடுப்பில் கொதிக்க வைத்து முடியுங்கள். சோறும் தேங்காய்ப்பால் குழம்பும் சாயங்காலம் வரை பெட்டியில் ஆறிக் கிடக்கக் கூடாது. சிவப்பு ராஜ்மாவை இதில் வேகவைக்கவே வேண்டாம்: அதிலுள்ள நச்சு போக நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும், மிதமான சூட்டில் கிடந்தால் வயிற்றைக் கெடுத்துவிடும்.

தாளிப்பு, பொரியல், கல்லில் சுடும் ரொட்டி எதையும் இதில் எதிர்பார்க்காதீர்கள். மரவள்ளிக்கிழங்கு, சக்கரைவள்ளி, ஊறவைத்த பருப்பு, பச்சைப்பயறு, சோறு, இவைதான் இதற்கேற்றவை. சாம்பாருக்குப் பருப்பை வெயிலில் வேகவைத்து, தாளிப்பை மட்டும் கேஸில் போட்டுக் கொட்டிவிடலாம்.

பணம் மிச்சமாகும் என்று நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ரெடிமேட் அடுப்பு வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. மானியத்தில் வீட்டு கேஸ் கிலோ 1.90 வெள்ளி, 14 கிலோ 26.60 வெள்ளிதான், போட்ட காசு திரும்பி வர வருடக்கணக்காகும். ஆர்வத்துக்கு, பிள்ளைகளுக்குக் காட்ட, புகையில்லாமல் சமைக்க என்றால் சரி, முதலில் அட்டையில் செய்து பாருங்கள். கேஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை, வெயிலைக் குவிக்க 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் வைத்து நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கக் கட்டிய, புதுச்சேரி பக்கத்து ஆரோவில் சூரியச் சமையலறையிலேயே துணைக்கு டீசல் கொதிகலன் வைத்தார்கள்.

கடைசியாக, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடென்றால் குரங்கு. கண்ணாடி மேல் ஒரு செங்கல்லாவது வையுங்கள், பெட்டி கண்ணில் படுகிற தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உள்ளே துடைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி வீட்டுக்குள் வைத்தால்தான் அட்டை பூஞ்சை பிடிக்காமல் அடுத்த வெயிலுக்குத் தேறும்.