செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்க: இடிப்பதற்கு முன் வரையுங்கள்

காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை விடுதியாக மாற்ற எண்ணுகிறவர் முதலில் கொத்தனாரை அழைத்து வருவார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, “இதை எடுத்துடலாம், அதை எடுத்துடலாம்” என்று சொல்லிக்கொண்டே நடப்பார். மறுவாரம் கடப்பாரை வந்துவிடும். எந்தச் சுவர் எந்த உத்திரத்தைத் தாங்குகிறது, மாடியில் விழும் மழைநீர் எந்த வழியே வெளியேறுகிறது என்பதெல்லாம் இடித்த பிறகே தெரியவரும். கடப்பாரைக்கு முன் அளவு நாடாவும் பென்சிலும் வர வேண்டும் என்பதையும், அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வீடுகளின் அமைப்பு ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் வரிசை ஒன்றுதான். தெருவை ஒட்டித் திண்ணையும் முகப்பும், அடுத்து வளவு என்னும் முற்றமும் அதைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒதுக்கிய சிறு அறைகளும், அதற்கப்பால் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டும், கடைசியாக அடுப்படியும் கிணறும் உள்ள பின்கட்டும் அமைந்திருக்கும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். ஒரே வீட்டில் பல பங்காளிகளுக்கு உரிமை உண்டு என்பதால், எல்லோருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கைக்கு வராமல் ஒரு கூரையோட்டைக்கூடக் கழற்றக் கூடாது. முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் தொடர்ந்து கூடப்போகும் இடம் எது என்பதைக் கேட்டறிந்து, அந்தப் பகுதியை மாற்றத்துக்கு வெளியே நிறுத்திவிடுவது நல்லது. குடியிருப்பை விடுதியாக்குவது பயன்பாட்டு மாற்றம் ஆகையால், தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி அனுமதியும் தேவைப்படும்.

அளக்கும்போது பழைய வீட்டின் எந்த மூலையும் சரியான செங்கோணம் என்று நம்பக் கூடாது. ஒவ்வோர் அறையிலும் நான்கு பக்கங்களோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் அறையின் உண்மையான வடிவம் தாளில் விழும். உயரங்களுக்குத் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூபைக் கொண்டு வீடு முழுவதும் ஒரே மட்டத்தில் சுண்ணக்கட்டிக் கோடு ஒன்றை இட்டு, தரை, படி, நிலை, உத்திரம் எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து மேலும் கீழும் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால், முற்றத்தை நோக்கிச் சரியும் தளம் உங்களை ஏமாற்றிவிடும். சுவர் சாய்ந்திருக்கிறதா என்பதைத் தூக்குக்குண்டு சொல்லிவிடும். விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதியும் எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழித்தும் கண்ணாடி உடையாமலிருந்தால், அந்த விரிசல் நின்றுபோன ஒன்று.

நான் அளந்த ஒரு வீட்டில் அறைகளின் உள் நீளங்களையும் சுவர்த் தடிமன்களையும் கூட்டியபோது, வெளிப்புற நீளத்தைவிட மூன்றரை அடி குறைந்தது. என் கூட்டலில்தான் பிழை என்று எண்ணி இரண்டு முறை திரும்ப அளந்தேன். மூன்றாம் நாள் ஒரு சுவரைத் தட்டியபோது வெற்றொலி கேட்டது; உள்ளே, எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்ட மாடிப்படி இருந்தது. அந்தச் சுவரை ஒட்டி நாங்கள் போடவிருந்த புதிய இரும்புப் படிக்கட்டு அதன்பின் தேவையே இல்லாமல் போயிற்று. கணக்கு உதைக்கும் இடத்தில்தான் பழைய வீடு எதையாவது ஒளித்து வைத்திருக்கும் என்பதை அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

அளந்ததை ஒன்றுக்கு ஐம்பது அளவையில் வரைந்தபின் மூன்று நிறங்களைக் கையில் எடுங்கள். இருப்பது கறுப்பு, இடிப்பது மஞ்சள், புதிதாகக் கட்டுவது சிவப்பு. அனுமதிக்கான வரைபடங்களில் இடிக்கப்படும் பகுதியை மஞ்சள் கோடிட்டும் புதிய பகுதியைச் சிவப்பு நிரப்பியும் காட்ட வேண்டும் என்று இந்தியாவின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பே சொல்கிறது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இதே மஞ்சளும் சிவப்பும் நெடுங்கால வழக்கம். பலரும் இதை அலுவலகத்துக்கான சடங்காகக் கருதிக் கடைசி நேரத்தில் நிறம் பூசுகிறார்கள். முதல் நாளிலிருந்தே நிறத்தில் யோசிக்க வேண்டும் என்பேன். மஞ்சள் அதிகமாகத் தெரியும் தாளைப் பார்த்தவுடன், வீட்டை மாற்றுகிறோமா அழிக்கிறோமா என்ற கேள்வி தானாக எழும்; ஒவ்வொரு மஞ்சள் கோட்டுக்கும் எதிரே காரணம் ஒன்றை ஒரு வரியில் எழுதப் பாருங்கள், பாதிக் கோடுகளுக்குக் காரணம் கிடைக்காது.

தரைப்படத்தைவிட முக்கியமானது, வீட்டைத் தெருவிலிருந்து பின்கட்டு வரை நெடுக வெட்டிக் காட்டும் வெட்டுத் தோற்றம். மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டைக்குத்துத் தளத்தின் தடிமன் அதில்தான் தெரியும். தேக்கு உத்திரங்களின் மேல் குறுக்குக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாட்டத்தில் குத்துக்கல்லாக நிறுத்திய மெல்லிய செங்கல், அதன் மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு என்று ஒவ்வோர் அடுக்கையும் வரைந்து பார்த்தால், தளத்தின் எடையே எவ்வளவு என்பது புரியும். அதற்கு மேல் நீங்கள் ஏற்றப்போகும் சுமையைப் பயன்பாடுதான் தீர்மானிக்கிறது. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 875இன்படி வீட்டு அறைக்கும் விடுதிப் படுக்கையறைக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோவைக் கணக்கிட்டால் போதும்; விடுதியின் உணவுக்கூடத்துக்கு அது 400 ஆகிறது, புத்தக அடுக்கறைக்கோ 600க்குக் குறையாது. ஆகவே படுக்கையறைகளை மாடியில் வைக்கலாம். உணவுக்கூடத்தையும் நூலகத்தையும் தரைத்தளத்தில் வைப்பதே புத்திசாலித்தனம். உத்திரத்தின் நுனி சுவருக்குள் புகும் இடத்தில்தான் கரையானும் ஈரமும் முதலில் கைவைக்கும் என்பதால், அந்த நுனிகளை ஆசாரியைக் கொண்டு ஒவ்வொன்றாகத் துளையிட்டுச் சோதிக்க வேண்டும்.

வேலையின் பெரும் தலைவலி குளியலறைதான். விருந்தினர் ஒவ்வோர் அறைக்கும் ஒரு குளியலறை கேட்பார். வீட்டைக் கட்டியவர்களோ தண்ணீர்ப் புழக்கம் முழுவதையும் பின்கட்டில் வைத்திருந்தார்கள். கட்டைக்குத்துத் தளத்தின் மேல் குளியலறை கட்டுவதை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். மரத்தின் மேல் கசியும் நீர் பல ஆண்டுகள் வெளியே தெரியாது, தெரியும்போது உத்திரம் போயிருக்கும். வளவைச் சுற்றியுள்ள சிறு அறைகள் இரண்டு இரண்டாக அடுத்தடுத்து இருந்தால், ஒன்றைப் படுக்கையறையாகவும் மற்றொன்றைக் குளியலறையாகவும் ஆக்கலாம். இருக்கும் தளத்தைத் தோண்டாமல், அதன் மேல் ஓர் அடி உயர்த்தித் தனித்தளம் போட்டு, குழாய்களை அந்த இடைவெளியில் ஓட்டி வெளிச்சுவர் வழியாக இறக்கிவிட்டால், ஆத்தங்குடிக் கல் என்னும் பழைய பூவேலைத் தரைக்கல் அடியில் அப்படியே இருக்கும். நாளைக்கு யாரேனும் விடுதியை மூடினால், மேலே கட்டியதைக் கழற்றிவிட்டு அறையைத் திரும்பப் பெறலாம். குளியலறைச் சுவரைக் கூரை வரை கொண்டுபோகாமல் ஏழு அடியில் நிறுத்தினால் உத்திரங்களின் வரிசை அறை முழுவதும் தொடர்ந்து தெரியும்.

புதியதைப் பழையதோடு எப்படிச் சேர்ப்பது என்பதற்கு இத்தாலியின் வெரோனா நகரில் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா பழைய கோட்டை ஒன்றில் மாற்றியமைத்த காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகம் நல்ல பாடம். அங்கே புதிய தரை பழைய சுவரைத் தொடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. இடையில் ஓடும் பள்ளம் எது அன்றையது, எது இன்றையது என்று காட்டிவிடுகிறது. நம் வீட்டிலும் புதிய தளம், தடுப்பு, அலமாரி எதுவாயினும் பழைய சுவரிலிருந்து இரண்டு விரற்கடை விலகி நிற்கட்டும். சுண்ணாம்புச் சுவரின் ஈரம் காயவும் அந்த இடைவெளி உதவும்.

ஈரம் என்றவுடன் சிமெண்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. சுவருக்குள் ஏறிய ஈரம் சுண்ணாம்பின் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால், ஈரம் மேலே ஏறி உப்பாகப் பூத்து, பக்கத்திலிருக்கும் நல்ல பூச்சையும் உதிர்க்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும் வரை காத்திருங்கள். மின்கம்பிகளைச் சுவரைக் காடி வெட்டிப் பதிக்காமல், மேலாக ஓடும் குழாயில் கொண்டுபோவதே நல்லது. பளபளக்கும் பழைய பூச்சை ஒருமுறை வெட்டினால் அதே மெருகில் ஒட்டுப்போடுவது ஏறத்தாழ முடியாத காரியம்.

முற்றத்தை மட்டும் மூடாதீர்கள். மழைச் சாரல் அடிக்கிறது என்று வளவின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்ட வீடுகளில் பகல் பதினொரு மணிக்கு மேல் உட்கார முடியாது. மேலேறிப் போக வழியில்லாத சூடான காற்று எல்லா அறைகளுக்கும் திரும்பி வரும், பிறகு ஏ.சி. பொருத்த வேண்டியதாகும். இந்த ஒன்றை உரிமையாளருக்கு வரைபடத்தால் புரியவைப்பது கடினம் என்பதால், அட்டையில் கூரையைக் கழற்றி மாட்டும்படி சிறு மாதிரி ஒன்று செய்து, வெயிலில் வைத்துக் காட்டுவேன். நிழல் நகர்வதைப் பார்த்த பிறகு பெரும்பாலும் வாதம் வருவதில்லை.

வேலை முடிந்ததும் மூன்று நிறத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாமல், உண்மையில் கட்டியபடி திருத்தி வரைந்து, குழாய்களும் கம்பிகளும் ஓடும் வழியைக் குறித்து, ஒரு பிரதியை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள். அடைபட்ட மாடிப்படியைத் தேடி அடுத்தவர் சுவரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.